ஆயில் கசட்டுக்கு மருந்து ஊற்றலாமா? டொயோட்டா வி6 என்ஜின்களை வைத்து ஒரு நிகழ்வு ஆய்வு

2002 பிப்ரவரியில் அமெரிக்காவில் டொயோட்டா நிறுவனம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. 1997 முதல் 2002 வரை வந்த சில மாடல்களில் ஆயில் கெட்டியாகி என்ஜின் பழுதாகியிருந்தால், ரிப்பேர் செலவை நிறுவனமே ஏற்கும் என்றது அது. முதலில் குறுகிய காலச் சலுகையாகத்தான் இருந்தது. சில மாதங்களுக்குள், கார் முதன்முதலில் விற்பனையான நாளிலிருந்து 8 ஆண்டு வரை, எத்தனை கிலோமீட்டர் ஓடியிருந்தாலும் சரி என்று அதை நீட்டினார்கள். அந்தக் கணக்குக்குள் வந்த வண்டிகள் ஏறக்குறைய 33 லட்சம். கேம்ரி, அவலான், சியன்னா, சோலாரா, ஹைலேண்டர், லெக்சஸ் இ.எஸ். 300, ஆர்.எக்ஸ். 300 என்று நல்ல பெயர் எடுத்த வண்டிகள் எல்லாம் அதில் இருந்தன. என்ஜின்கள் இரண்டே இரண்டு: 3.0 லிட்டர் வி6 ஆன 1எம்.இசட்-எஃப்.இ., நான்கு சிலிண்டர் 2.2 லிட்டர் 5எஸ்-எஃப்.இ.

நிறுவனம் தொடக்கத்திலிருந்து சொன்னது ஒன்றுதான்: உரிமையாளர்கள் நேரத்துக்கு ஆயில் மாற்றவில்லை. ஆயில் மாற்றிய ரசீதைக் கையில் வைத்துக்கொண்டே என்ஜினைப் பறிகொடுத்தவர்கள் இதை ஏற்கவில்லை. வழக்கு லூசியானா மாநில நீதிமன்றத்துக்குப் போய், 2007இல் சமரசத்தில் முடிந்தது. இதற்கிடையில் இன்னொன்றும் நடந்தது. சாதாரண ஓட்டத்துக்கு 7,500 மைல், அதாவது சுமார் 12,000 கி.மீ. என்றிருந்த ஆயில் மாற்றும் இடைவெளியை, 2004 மாடல்களிலிருந்து 5,000 மைலாக, சுமார் 8,000 கி.மீ. ஆக, நிறுவனம் குறைத்தது. யார் மீது தவறு என்ற கேள்விக்கு இந்த ஒரு மாற்றமே எனக்குப் பாதி பதில்.

அந்தச் சண்டையை அத்தோடு விடலாம். என் கவனம் வேறொரு கூட்டத்தின் மேல். என்ஜின் இன்னும் கெட்டுப்போகவில்லை, ஆனால் ஆயில் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தால் உள்ளே கருப்பாகப் படிந்திருக்கிறது. இப்படிப்பட்ட நிலையில் இருந்தவர்கள் என்ன செய்வது? என்ஜினின் உள்ளே அலசுவதற்குக் கடையில் விற்கும் ஃப்ளஷ் மருந்தை ஊற்றினால் போதுமா? இன்று செகண்ட் ஹேண்டில் கார் வாங்கிவிட்டு மூடியைத் திறந்து பார்க்கிற எவருக்கும் வருகிற கேள்வி இது. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்ல மருந்து இளகிய கசட்டைக் கரைக்கும், அதில் சந்தேகம் இல்லை. கரைந்தது எங்கே போய்ச் சேரும் என்று பார்க்காமல் ஊற்றினால், இன்னும் கொஞ்ச காலம் ஓடியிருக்க வேண்டிய என்ஜின் அந்த வாரமே நின்றுபோகலாம்.

கசடு எப்படிச் சேர்ந்தது

பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி எரிந்த வாயு கொஞ்சம் கீழே கசிவது எல்லா என்ஜினிலும் உண்டு. அதோடு நீராவி, எரியாத பெட்ரோல், நைட்ரஜன் ஆக்சைடுகள் எல்லாம் ஆயிலுக்குள் வந்து சேர்கின்றன. இவற்றை இழுத்து மறுபடி எரிக்க அனுப்புவது பி.சி.வி. வால்வின் வேலை. அப்படியும் தங்கிவிடுவதை ஆயிலில் கலந்திருக்கும் டிஸ்பெர்சன்ட் என்ற சேர்மானம் பொடிப்பொடியாகப் பிரித்து மிதக்க வைக்கும். டிடர்ஜென்ட் என்ற இன்னொரு சேர்மானம் உலோகத்தில் அழுக்கு ஒட்டாமல் பார்த்துக்கொள்ளும், அமிலத்தையும் முறிக்கும். ஓடிய ஆயில் கருப்பாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கருத்த ஆயில் வேலை செய்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். இந்தச் சரக்கு தீர்ந்த பிறகும் அதே ஆயிலை ஓட்டினால், மிதந்த பொடிகள் ஒன்றோடொன்று சேர்ந்து படிய ஆரம்பிக்கும்.

டொயோட்டாவின் அந்த வி6 என்ஜினில் இதற்குத் தோதான இடங்கள் இருந்தன. குறுக்காகப் படுத்திருக்கும் வி6 அது. ஒரு வரிசை சிலிண்டர்கள் ரேடியேட்டர் பக்கம், இன்னொரு வரிசை உட்காருமிடத்தை ஒட்டிய சுவர்ப் பக்கம். பின்வரிசைக்குக் காற்று குறைவு, சூடு அதிகம். பி.சி.வி. வால்வும் அந்தப் பின்பக்க டேப்பட் கவரிலேயே, அதாவது சிலிண்டர் ஹெட்டின் மேல்மூடியிலேயே, இருக்கிறது. மொத்த ஆயில் பில்டரோடு சேர்த்து 4.7 லிட்டர். கடையில் கிடைத்த சாதா மினரல் ஆயில், 12,000 கி.மீ. இடைவெளி, என்ஜின் முழுதாகச் சூடாகும் முன்பே அணைக்கிற குட்டிக் குட்டி ஓட்டம். எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தால் ஆயில் முதலில் தோற்பது அந்தப் பின்பக்க ஹெட்டில்தான். ஆயில் மூடி வழியாகத் தெரிகிற இடம் ஓரளவு சுத்தமாக இருந்துவிட்டு, கவரைக் கழற்றினால் பின்னால் வேறு கதை இருப்பது இந்த மாதிரி என்ஜின்களில் நடக்கிறது. மூடியை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

படிவது எல்லாம் ஒரே மாதிரிப் படிவதில்லை. முதலில் வருவது வார்னிஷ். தேன் நிறத்தில் ஆரம்பித்துப் பழுப்பாகும், வடைச்சட்டியின் வெளிப்பக்கத்தில் எண்ணெய் தீய்ந்து பிடித்திருக்குமே, அந்த மாதிரி. இதனால் பெரும்பாலும் கெடுதல் இல்லை. அடுத்தது இளகிய கசடு. விரலால் வழித்தால் கையோடு வரும். மூன்றாவது, அந்தக் கசடே சூட்டில் வெந்து இறுகிப்போனது. ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினால் செதில் செதிலாக உதிரும். மருந்து ஊற்றலாமா என்பதற்கான பாதி விடை, உங்கள் என்ஜினில் இருப்பது இந்த மூன்றில் எது என்பதில் இருக்கிறது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்ல வேண்டும். மூடியின் உட்புறத்தில் வெண்மையாகக் கூழ் மாதிரி ஒட்டியிருப்பதைப் பார்த்துப் பலர் பயந்துபோகிறார்கள். குளிரான ஊரில் சின்னச் சின்ன ஓட்டம் ஓடும் வண்டியில் நீராவியும் ஆயிலும் கலந்து இப்படி ஆகும். நெடுஞ்சாலையில் ஒருமுறை நன்றாக ஓட்டினால் மறைந்துவிடும், மருந்து தேவையில்லை. கூலன்ட்டும் சேர்ந்து குறைகிறது என்றால் மட்டும், ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்பட வேண்டும்.

ஒரு வலை, அதற்கு மாற்று வழி கிடையாது

ஆயில் போகிற பாதையை ஒருமுறை மனத்தில் ஓட்டிப் பார்த்தால் மீதி எல்லாம் தானாக விளங்கும். அடியில் சம்ப், அதாவது ஆயில் தேங்கும் தொட்டி. சம்ப்புக்குள் ஆயிலில் முழுகியபடி ஒரு ஸ்ட்ரெய்னர், அதாவது உறிஞ்சும் குழாயின் வாயில் பொருத்திய கம்பி வலை. அங்கிருந்து ஆயில் பம்ப், பிறகு பில்டர், பிறகு கிராங்க் பேரிங்குகள், மேலே கேம் ஷாஃப்ட். மேலே போன ஆயில் ஹெட்டில் உள்ள துளைகள் வழியாக வழிந்து மறுபடி சம்ப்புக்கு வரும்.

கசடு முதலில் அடைப்பது பெரும்பாலும் அந்த வழியும் துளைகளை. அடைத்தால் ஆயில் மேலேயே தேங்கும். வால்வு சீலைத் தாண்டி எரியறைக்குள் இறங்கும். சைலன்சரில் நீலப் புகை, ஆயில் குறைவது எல்லாம் இந்த என்ஜின்களில் வந்த புகார்கள். அதே நேரம் சம்ப்பில் அளவு இறங்கும். டிப் ஸ்டிக்கில் ஆயில் குறைவாகக் காட்டுகிறதே என்று மேலே ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். ஆயில் உள்ளேதான் இருக்கும், இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது.

இப்போது ஸ்ட்ரெய்னருக்கு வருவோம். உள்ளங்கையில் அடங்கிவிடுகிற வலை அது. கசடு பிடித்த சம்ப்பைக் கழற்றிப் பார்த்தால், முதலில் வலையே கண்ணுக்குத் தெரியாது. கருப்பாகப் பூசிய மாதிரி ஒரு தட்டு தெரியும். ஓரத்தில் நகத்தால் கீறினால்தான் அடியில் கம்பி பளபளக்கும். சில இடங்களில் கரித்துண்டுகளும் பழைய சிலிகான் கேஸ்கெட்டின் பிசிறுகளும் வலைக்கண்ணில் செருகியிருக்கும். அவ்வளவு அடைத்த பிறகும் நடுவில் எங்கோ ஒரு ஓரம் திறந்திருக்கும். அந்த ஓரத்தின் வழியாகத்தான் என்ஜின் முழுவதும் ஆயில் குடித்துக்கொண்டிருந்திருக்கும்.

பில்டர் அடைத்தால் என்ஜினுக்கு உடனே ஆபத்தில்லை. பில்டரில் பைபாஸ் வால்வு ஒன்று உண்டு. அடைப்பு கூடினால் அது திறந்து, வடிகட்டாத ஆயிலையாவது பேரிங்குக்கு அனுப்பும். அழுக்கு ஆயில் போனாலும் போகட்டும், ஆயிலே இல்லாமல் போகக் கூடாது என்று யோசித்துச் செய்த ஏற்பாடு. ஸ்ட்ரெய்னரில் பெரும்பாலான என்ஜின்களில் அப்படி எதுவும் கிடையாது. வலை மூடினால் பம்ப் வெறுமையை உறிஞ்சும். ஆயில் லைட் மினுக்கும், பிறகு நின்று எரியும். அதற்குள் பேரிங் தேய்ந்திருக்கும்.

இந்த வேறுபாட்டை மறந்துவிட்டுத்தான், கரைந்த கசட்டைப் பில்டர் பிடித்துக்கொள்ளும் என்று தைரியம் சொல்கிறார்கள். பில்டருக்குப் போய்ச் சேர வேண்டுமென்றால் கசடு முதலில் அந்த வலையைத் தாண்ட வேண்டும்.

பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது

சந்தையில் இருப்பவற்றை இரண்டாகப் பிரிக்கலாம். ஒன்று, வேகமான ஃப்ளஷ். பெட்ரோலியத்திலிருந்து வடித்த கரைப்பானும் டிடர்ஜென்ட்டும் கலந்தது. லிக்வி மோலியின் என்ஜின் ஃப்ளஷ் மாதிரி நம்மூர்க் கடைகளிலும் கிடைப்பவை இந்த வகை. சூடான பழைய ஆயிலோடு ஊற்றி, வண்டியை நகர்த்தாமல் 10, 15 நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு, உடனே வடித்துவிட வேண்டும். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கக் கூடாது. ஏனென்றால் அந்தச் சில நிமிடங்களுக்கு உள்ளே இருப்பது நீர்த்துப்போன ஆயில். பேரிங்கில் இருக்க வேண்டிய ஆயில் படலம் மெலிந்திருக்கும்.

மற்றது மெதுவான வகை. ஆயிலோடு கலந்து சில நூறு கிலோமீட்டர் ஓட்டிய பிறகு ஆயில் மாற்றுவது. கரைப்பான் குறைவு, டிடர்ஜென்ட்டோ எஸ்டரோ அதிகம். அமெரிக்காவில் இந்த டொயோட்டா விவகாரம் சூடாக இருந்த ஆண்டுகளில் ஆட்டோ-ஆர்எக்ஸ் என்ற மெதுவான மருந்தைப் பற்றி நிறையப் பேசினார்கள். அடுக்கடுக்காக, கொஞ்சம் கொஞ்சமாகக் கரைப்பது என்ற எண்ணம் எனக்கும் சரியாகவே படுகிறது. ஒரே நாளில் பெரிய பாளமாகப் பெயர்ந்து விழுவதைவிட, நூறு நாளில் பொடியாகக் கரைந்து வடிவது எப்போதும் மேல்.

இந்த மருந்துகள் எந்த நிலையில் வேலை செய்யும்? வார்னிஷிலும் இளகிய கசட்டிலும் செய்யும். ரிங் பள்ளத்தில் அழுக்குச் சேர்ந்து ரிங் ஒட்டியிருந்தால் சில நேரம் விடுபடும், ஆயில் குடிப்பது குறையும். இறுகிய மூன்றாம் நிலைக் கசட்டை 15 நிமிடத்தில் கரைக்க முடியாது. ஆனால் அதன் அடியில் ஊறி, பிடிப்பைத் தளர்த்திவிட முடியும். ஆபத்து அங்கேதான். கரையாமல் பெயர்ந்த செதில் ஆயிலோடு வழிந்து சம்ப்பில் விழுந்து நேராக ஸ்ட்ரெய்னருக்குப் போகும். மருந்து ஊற்றி நாலு நாள் கழித்து ஆயில் லைட் எரிந்தது என்று வருகிற வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது அந்த வலையைத்தான். வடித்தபோது கருப்பாக வந்ததே, அப்படியானால் சுத்தமாகிவிட்டது என்று நம்புவதும் சரியில்லை. வடிந்தது கரைந்த பாகம் மட்டும். பெயர்ந்த பாகம் வடிகால் போல்ட்டின் துளைக்கு வந்து சேராமல் சம்ப்பின் மூலையிலேயே கிடக்கலாம்.

மண்ணெண்ணெயும் டீசலும் ஊற்றி அலசுவது நம் பட்டறைகளில் பழைய பழக்கம். இது கரைப்பான் ஃப்ளஷ்ஷின் கரடுமுரடான வடிவம், அவ்வளவுதான். டிஸ்பெர்சன்ட் கிடையாது. அதனால் கரைந்த அழுக்கை மிதக்க வைத்து வெளியே கொண்டுவரும் சக்தியும் இல்லை. பேரிங்கைக் காக்கும் சேர்மானமும் இல்லை. பெரிய இடைவெளிகளும் தடித்த ஆயிலும் இருந்த பழைய டீசல் என்ஜின்கள் தாங்கியிருக்கலாம். டர்போவும் மாறும் வால்வு டைமிங்கும் உள்ள இன்றைய என்ஜினில் செய்ய வேண்டாம். ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலை என்ஜினில் ஊற்றினால் நன்றாகச் சுத்தம் செய்யும் என்பதும் அப்படித்தான் பரவிய நம்பிக்கை. உண்மையில் என்ஜின் ஆயிலில் இருக்கும் அளவு டிடர்ஜென்ட் அதில் இல்லை.

என்ஜின் ஆயில் ஏபிஐ, அதாவது அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் தரும் முத்திரையை வாங்க வேண்டுமென்றால் கசடுத் தேர்வு ஒன்றை எழுதியாக வேண்டும். முன்பு அதற்குச் சீக்வென்ஸ் வி.ஜி. என்று பெயர். ஃபோர்டின் 4.6 லிட்டர் வி8 என்ஜினை 216 மணி நேரம், குறைந்த சூடும் நடுத்தரச் சூடும் மாறி மாறி வரும்படி, வேண்டுமென்றே கசடு சேரும் விதமாக ஓட்டி, பிறகு பிரித்து ஒவ்வொரு பாகத்துக்கும் 10க்கு மதிப்பெண் போடுவார்கள். 10 என்றால் முழுச் சுத்தம். இப்போது அதன் இடத்தில், அதே வழியில் சீக்வென்ஸ் வி.எச். வந்திருக்கிறது. தனியாக விற்கும் ஃப்ளஷ் பாட்டிலுக்கு இப்படி ஒரு கட்டாயத் தேர்வு கிடையாது. லேபிளில் இருப்பது விற்பவரின் சொல். நல்ல நிறுவனத்தின் மருந்து நன்றாகவே இருக்கலாம், ஆனால் ஆயிலை நம்புகிற அளவுக்கு அதை நம்ப எனக்குக் காரணம் இல்லை.

வேறு இரண்டு நிறுவனங்களில்

டொயோட்டாவோடு மட்டும் இது நிற்கவில்லை. ஃபோக்ஸ்வாகன் பஸாட், ஆடி ஏ4 கார்களில் வந்த 1.8 லிட்டர் டர்போ என்ஜினுக்கும் இதே கதி. சின்ன சம்ப், ஆயிலைச் சுட வைக்கும் டர்போ, அதில் சாதா மினரல் ஆயில். 2004இல் அமெரிக்க உரிமையாளர்களுக்குக் கடிதம் போட்டு உத்தரவாதத்தை 8 ஆண்டாக நீட்டினார்கள். நிறுவனத்தின் 502 00 தரத்துக்குப் பொருந்தும் சிந்தெடிக் ஆயில்தான் ஊற்ற வேண்டும் என்பதையும் வலியுறுத்தினார்கள்.

ஸ்வீடன் நாட்டு நிறுவனமான சாப்பின் 9-3, 9-5 கார்களின் கதை நம் கேள்விக்கு இன்னும் பொருத்தம். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சம்ப்புக்கு மிக அருகில் இருந்து ஆயிலை வேக வைத்தது. பி.சி.வி. அமைப்பும் போதவில்லை, பிறகு அதை மாற்றியமைத்தார்கள். இந்தக் கார்களைப் பல ஆண்டு வைத்துக் காப்பாற்றியவர்களிடம் ஒரு வழக்கம் நிலைத்துவிட்டது: கார் வாங்கியதும் முதலில் சம்ப்பைக் கழற்று, ஸ்ட்ரெய்னரைச் சுத்தம் செய், புதிய பி.சி.வி. பாகங்களைப் போடு, அப்புறம் நல்ல சிந்தெடிக் ஆயிலை ஊற்று. மருந்து அந்த வரிசையில் முதலிடத்தில் இல்லை. இப்படிச் செய்த சாப் என்ஜின்கள் அதற்குப் பிறகும் வெகுதூரம் ஓடியிருக்கின்றன. இதைவிடத் தெளிவான பாடம் இந்த விஷயத்தில் எனக்குக் கிடைத்ததில்லை.

அப்படியானால் என்ன வரிசையில் செய்வது

கசடு இருப்பதாகத் தோன்றினால் பாட்டில் வாங்குவதற்கு முன் ஒரு டேப்பட் கவரையாவது கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். புதுக் கேஸ்கெட் செலவு உண்டு, பரவாயில்லை. கவரைக் கழற்ற வழியில்லை என்றால் ஆயில் மூடி வழியாகச் சிறு கேமரா விட்டுப் பார்க்கலாம். கூடவே ஆயில் பிரஷர் ஸ்விட்ச்சைக் கழற்றி, அந்த இடத்தில் முள் மீட்டரை மாட்டி, என்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஐடிலில் பிரஷர் எவ்வளவு என்று பார்த்து, சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவோடு ஒப்பிட வேண்டும். டேஷ்போர்டு லைட் எரிகிற வரை காத்திருந்தால் ரொம்பத் தாமதம்.

வார்னிஷ் மட்டும் இருக்கிறது, பிரஷர் சரியாக இருக்கிறது என்றால் ஒன்றும் ஊற்ற வேண்டாம். நல்ல ஆயில், குறைந்த இடைவெளி, அவ்வளவுதான். அதைச் சுத்தம் செய்து என்ஜினுக்கு எந்த லாபமும் இல்லை.

இளகிய கசடு மெல்லிய படலமாக இருக்கிறது, பிரஷர் சரி என்றால் மெதுவான மருந்து ஒன்றைப் பயன்படுத்தலாம், பாட்டிலில் சொன்ன அளவுக்கு மேல் ஒரு சொட்டு கூடாது. எனக்கு இதைவிடப் பிடித்த வழி ஒன்று உண்டு. மருந்தே இல்லாமல், நல்ல டிடர்ஜென்ட் உள்ள சிந்தெடிக் ஆயிலை ஊற்றி 1,500 முதல் 2,000 கி.மீ.க்குள் மாற்றுவது. இப்படித் தொடர்ந்து மூன்று நான்கு தடவை. ஒவ்வொரு தடவையும் பில்டரும் புதிது. கழற்றிய பில்டரை வெட்டிப் பிரித்து, மடிப்புகளை விரித்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். முதல் பில்டரில் கருப்புத் துணுக்குகள் நிறைய இருக்கும், மூன்றாவதில் குறைந்திருந்தால் வேலை நடக்கிறது. பளபளவென்று உலோகப் பொடி தெரிந்தால் அது பேரிங். அதற்கு மேல் சுத்தம் செய்வதைப் பற்றிப் பேசிப் பயனில்லை, என்ஜினைத் திறந்தாக வேண்டும்.

கெட்டியான கசடு என்றால், அல்லது பிரஷர் குறைவு என்றால், மருந்தைத் தொடவே வேண்டாம். சம்ப்பை இறக்கி, ஸ்ட்ரெய்னரைக் கழற்றிக் கழுவி, அடியில் கிடப்பதைக் கையால் வழித்து எடுக்க வேண்டும். டொயோட்டாவின் அந்த வி6இல் சம்ப் இரண்டு பாகம். அடியில் உள்ள தகரத் தட்டை மட்டும் கழற்றினாலே வலை தெரிந்துவிடும், என்ஜினை இறக்க வேண்டியதில்லை. டேப்பட் கவரையும் கழற்றி, ஹெட்டில் வழியும் துளைகளை ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும். சுரண்டும்போது துணுக்குகள் துளைக்குள்ளேயே விழுந்துவிடாமல், வேக்கம் கிளீனர் வைத்து உறிஞ்சிக்கொண்டே செய்கிற மெக்கானிக் கிடைத்தால் விடாதீர்கள். மாறும் வால்வு டைமிங் உள்ள என்ஜினில், ஆயில் கன்ட்ரோல் வால்வுக்கு முன்னால் பொடி வலை ஒன்று இருக்கிறதா என்றும் கேட்டுப் பார்க்க வேண்டும். எத்தனையோ பேர் மறந்துவிடும் இடம் அது. இதெல்லாம் முடிந்து, மிஞ்சிய மெல்லிய படலத்துக்கு மேலே சொன்ன குறுகிய இடைவெளி ஆயில் மாற்றம். மருந்துக்கு இடம் வேண்டுமென்றால் அது இந்தக் கட்டத்தில்தான், கையால் எடுக்க முடிந்ததையெல்லாம் எடுத்த பிறகு. சில நூறு கிலோமீட்டர் கழித்து சம்ப்பை மறுபடி ஒருமுறை இறக்கி வலையைப் பார்ப்பது கூடுதல் கூலி என்றாலும் செய்யத்தக்கது.

எந்த வழியில் போனாலும் பி.சி.வி. வால்வை முதல் நாளே மாற்றிவிட வேண்டும். ஆட்டும்போது கிலுங்கினால் நல்லது என்று பழையதையே திரும்பப் போடுவார்கள். கிலுங்குகிற வால்வும் பாதி அடைத்திருக்கலாம், அதோடு சேர்ந்த ரப்பர் ஓஸ் உள்ளே சுருங்கிப்போயிருக்கலாம். புதிய வால்வும் ஓஸும் பல கார்களுக்கு ஒரு பாட்டில் ஃப்ளஷ் மருந்தைவிடப் பெரிய செலவாகாது. கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டையும் அன்றைக்கே பார்த்துவிடலாம். அது திறந்தபடி சிக்கிக்கொண்டால் என்ஜின் சூடாகாமலே ஓடும், ஆயிலில் சேர்ந்த நீர் வெளியேறாது.